எண்ணெய் பிரிந்த பிறகுதான் ஆலை தொடங்குகிறது

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பானைக் (சால்வெண்ட்) கொண்டு விதைகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் சால்வெண்ட் ஆலைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த ஆலைகளில் ஷிப்ட் பொறியாளராகவும், அப்புறம் பாதுகாப்புப் பிரிவிலும் வேலை பார்த்தவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் கொடுத்தார். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் பிழிந்தாலே எண்ணெய் வருகிறது. பிறகு எதற்கு ரசாயனம்?

பிழிவதற்கு ஓர் எல்லை உண்டு. நல்ல எக்ஸ்பெல்லரில் எவ்வளவு அழுத்தினாலும் புண்ணாக்கில் 5 முதல் 8 சதவீதம் எண்ணெய் தங்கிவிடும். பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ள விதையில் இது பெரிதாகத் தெரியாது. சோயாவில் மொத்த எண்ணெயே 18 முதல் 20 சதவீதம்தான். அதில் இவ்வளவு தங்கினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஹெக்சேனில் கழுவினால் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். தவிட்டுக்கும் இதே கணக்குத்தான். எண்ணெய் அதிகமுள்ள விதைகளை முதலில் லேசாகப் பிழிந்து, 16 முதல் 20 சதவீதம் எண்ணெயோடு வரும் புண்ணாக்கை, அதாவது கேக்கைச் சால்வெண்ட் பகுதிக்கு அனுப்புவார்கள். ஆகவே இரண்டு முறைகளும் பல ஆலைகளில் அடுத்தடுத்துத்தான் நடக்கின்றன.

விதையை ஹெக்சேனில் கழுவும் எக்ஸ்ட்ராக்டர் என்பது பெரிய ஊறவைக்கும் தொட்டியா? உள்ளே என்ன நடக்கிறது?

ஆரம்ப காலத்தில் தொட்டிதான். மூடிய கலத்தில் விதைத்தூளைப் போட்டுக் கரைப்பானை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றுவார்கள். 1920-களிலும் 30-களிலும் ஜெர்மனியில் விதை இடைவிடாமல் நகரும் இயந்திரங்கள் வந்தன. போல்மன் வடிவமைத்ததில் துளையிட்ட கூடைகள் சங்கிலியில் ஏறி இறங்கும். ஹில்டெபிராண்ட் வடிவமைத்தது U வடிவக் குழாய். அதற்குள் திருகுகள் விதையைக் கரைப்பானுக்கு எதிராகத் தள்ளும். இன்றைய ஆலைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வலைப் பட்டையில் விதைப் படுகை நகரும் வகை, வட்டமாகச் சுழலும் அறைகள் கொண்ட வகை, அல்லது சங்கிலி இழுத்துச் செல்லும் வளைய வகை.

எல்லாவற்றிலும் கொள்கை ஒன்றே. விதை ஒரு திசையில் போகும், கரைப்பான் எதிர்த்திசையில் வரும். புதிய, சுத்தமான ஹெக்சேன் விழுவது வெளியேறப் போகும், எண்ணெய் கிட்டத்தட்ட தீர்ந்த விதையின் மேல். அங்கிருந்து வடிந்ததைப் பம்ப் முந்தைய கட்டத்துக்குத் தூக்கிவிடும், அங்கிருந்து அதற்கும் முந்தைய கட்டத்துக்கு. சோப்புப் போட்ட துணியை முதலில் ஏற்கெனவே அலசிய தண்ணீரிலும், கடைசியில் நல்ல தண்ணீரிலும் அலசுவது போல. எண்ணெயும் ஹெக்சேனும் கலந்த இந்தத் திரவத்துக்கு மிசெல்லா என்று பெயர். கடைசியாக வெளியே வரும் மிசெல்லாவில் 25 முதல் 30 சதவீதம் எண்ணெய் இருக்கும். அது புது விதைப் படுகையின் வழியே ஒருமுறை வடிந்து வருவதால் தூசியையும் அங்கேயே விட்டுவிடுகிறது. படுகையே வடிகட்டியாக வேலை செய்கிறது. உள்ளே வெப்பநிலை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ். ஹெக்சேன் 65 முதல் 69 டிகிரிக்குள் கொதிக்கும் என்பதால் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறோம்.

எக்ஸ்ட்ராக்டர் சரியாக வேலை செய்யவில்லை, புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் நிற்கிறது என்று கூப்பிட்டால் நான் முதலில் பார்க்கப் போவது எக்ஸ்ட்ராக்டரை அல்ல, ஃபிளேக்கிங் ரோலரை. சோயாவைச் சில துண்டுகளாக உடைத்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, ரோலருக்கு நடுவே விட்டு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக்க வேண்டும். தகடு தடித்தால் கரைப்பான் செல்களுக்குள் போய்த் திரும்ப நேரம் போதாது. ரொம்ப மெலிந்தால் உடைந்து தூளாகிப் படுகையை அடைத்துவிடும். மேலே ஹெக்சேன் குளமாகத் தேங்கும், கீழே ஒன்றும் இறங்காது. ரோலரின் ஒரு முனை தேய்ந்திருந்தால் இடப்பக்கம் வரும் தகடும் வலப்பக்கம் வரும் தகடும் வேறு வேறு கனத்தில் இருக்கும். இதை மைக்ரோமீட்டரில் அளந்து கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் பல இடங்களில் அதைச் செய்யாமல் ஹெக்சேன் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பிறகு அந்தக் கூடுதல் ஹெக்சேனைக் கொதிக்கவைக்கக் கூடுதல் நீராவியும் செலவாகிறது.

தவிடு மாவு போல நுண்ணியது, அப்படியே போட்டால் வடியவே வடியாது. அதனால் குருணைகளாக்கிப் போடுகிறார்கள். அதில் இன்னொரு அவசரமும் உண்டு: நெல்லைத் தீட்டிய உடனே லைபேஸ் என்ற நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்கத் தொடங்கிவிடும். தவிட்டைச் சூடாக்கி அந்த நொதியை அடக்க வேண்டும், அல்லது சீக்கிரம் எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

ஹெக்சேன் பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளும் என்கிறார்கள். தீப்பிடிக்காத கரைப்பானே கிடையாதா?

இருந்தது, பயன்படுத்தியும் பார்த்தார்கள். அந்தக் கதையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1850-களில் பிரான்ஸில் டெய்ஸ் என்பவர் கொழுப்பெடுக்கப் பயன்படுத்தியது கார்பன் டை சல்ஃபைடு. அது விஷம், அதோடு 90 முதல் 100 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். சுடும் நீராவிக் குழாயில் ஆவி பட்டாலே போதும், தீப்பொறி தேவையில்லை. அதற்குப் பிறகுதான் பெட்ரோலியத்திலிருந்து பிரித்த லேசான பகுதிகளுக்கு மாறினார்கள். ஹெக்சேன் அந்த வரிசையில் வந்தது.

தீ பயத்தால் டிரைகுளோரோஎத்திலீனுக்கும் போனார்கள். சாதாரண நிலையில் எளிதில் பற்றாது, எண்ணெயை நன்றாகக் கரைக்கும். ஆனால் அதில் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கைத் தின்ற மாடுகள் ரத்தப்போக்கு ஏற்பட்டுச் செத்தன. ஸ்காட்லாந்தில் 1916-இலேயே இது பதிவாகியிருக்கிறது. இருந்தும் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மறுபடி அதே சாவுகள். புண்ணாக்கில் மிஞ்சிய கரைப்பானை விரட்டினாலும் பயனில்லை. காரணம், அது புரதத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து, எலும்பு மஜ்ஜையைச் சிதைக்கும் புதுப் பொருளாக மாறியிருந்தது. அதோடு அந்த முறை கைவிடப்பட்டது.

ஹெக்சேன் விதையோடு வினைபுரிவதில்லை. கரைக்கிறது, ஆவியாகிறது, குளிர்ந்து திரும்பி வருகிறது. தண்ணீரில் அநேகமாகக் கரையாததால் எளிதாகப் பிரிந்தும் விடுகிறது. தீயை மட்டும் நாம் அடக்கி ஆள வேண்டும்.

நாங்கள் வாங்கும் எண்ணெயில் ஹெக்சேன் இருக்குமா? குழந்தைகள் உள்ள வீடு.

நியாயமான கவலை. மிசெல்லாவிலிருந்து ஹெக்சேனைப் பிரிப்பது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் ஆவியாக்கியை எகனாமைசர் என்போம். புண்ணாக்குப் பக்கமிருந்து வரும் சூடான ஆவியே அதற்கு அடுப்பு. நீண்ட குழாய்களின் உள்சுவரில் மிசெல்லா மெல்லிய படலமாக ஏறும், வெற்றிடத்தில் ஹெக்சேன் பறந்துவிடும். இரண்டாவது ஆவியாக்கி எண்ணெயை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவரும். பிடிவாதமான கடைசிச் சில சதவீதத்துக்குத்தான் ஸ்டிரிப்பர். வெற்றிடத்தில், தட்டுத் தட்டாக இறங்கும் எண்ணெயின் ஊடே நேரடி நீராவியைச் செலுத்தி மிச்சத்தை அடித்து வெளியேற்றுகிறோம். இதில் எண்ணெயின் வெப்பத்தை 110 டிகிரியை ஒட்டி வைப்பது வழக்கம், கூடினால் நிறம் கறுத்து ஏறிவிடும். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டுகிறவர்களை விட, வெற்றிடத்தைச் சரியாக வைத்திருக்கும் ஆபரேட்டர்தான் நல்ல எண்ணெய் தருவார் என்பது என் எண்ணம்.

அதன்பிறகும் அது கச்சா எண்ணெய்தான், கடைக்குப் போகாது. சுத்திகரிப்பின் கடைசிக் கட்டமான வாசனை நீக்கத்தில் 220 முதல் 260 டிகிரி வெப்பத்தில், சில மில்லிபார் அழுத்தத்தில் மறுபடி நீராவி பாயும். 69 டிகிரியில் கொதிக்கும் ஒரு பொருள் அதில் நிற்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒரு கிலோ எண்ணெயில் 1 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் கூடாது என்கிறது. ஒழுங்காக நடக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கு அது எட்டக்கூடிய அளவுதான். சுத்திகரிக்காத சால்வெண்ட் எண்ணெயைச் சமையலுக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எண்ணெயைப் பற்றியே பேசுகிறார்கள். புண்ணாக்கில் ஊறிய ஹெக்சேன் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு என் நன்றி. ஆலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டரிலிருந்து சொட்டச் சொட்ட வெளிவரும் புண்ணாக்கின் எடையில் 25 முதல் 35 சதவீதம் ஹெக்சேன். அதை மீட்கும் உயரமான உருளையை டி.டி. என்று சுருக்கிச் சொல்வோம், டீசால்வெண்டைசர் டோஸ்டர். அடுக்கடுக்கான தட்டுகள், ஒவ்வொன்றிலும் சுழலும் துடுப்பு. மேல் தட்டுகளில் அடியிலிருந்து மறைமுகச் சூடு. கீழே நேரடி நீராவி. நீராவி ஏறும், புண்ணாக்கு இறங்கும். நீராவி புண்ணாக்கின் மேல் குளிர்ந்து தண்ணீராகும்போது விடும் வெப்பம்தான் ஹெக்சேனைக் கிளப்பிவிடுகிறது. அதனால் வெளியே வரும் புண்ணாக்கு ஹெக்சேனை இழந்து தண்ணீரை ஏற்றிருக்கும், 18 முதல் 20 சதவீதம் ஈரம். அப்புறம் உலர்த்தி, குளிரவைத்து, 12 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அதே சூட்டில் சோயாவின் டிரிப்சின் தடுப்பான்களும் செயலிழக்கின்றன. அவை இருந்தால் கோழிக்கும் பன்றிக்கும் புரதம் செரிக்காது. அளவுக்கு மேல் வறுத்தாலோ புரதத்தின் தரமே போய்விடும்.

டி.டி.யின் தலையில் உள்ள ஆவி வெப்பமானியை நல்ல ஆபரேட்டர்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். ஹெக்சேனும் தண்ணீரும் சேர்ந்து 61.6 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே தலையின் வெப்பம் அதற்குச் சற்று மேலே, 70-ஐ ஒட்டி நின்றால் நீராவி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது என்று பொருள். அது ஏறிக்கொண்டே போனால் நீராவி வீணாகத் தப்பிப் போகிறது; இறங்கினால் புண்ணாக்கோடு ஹெக்சேன் கீழே போகிறது. கீழே போன ஹெக்சேன் கிடங்கிலோ கப்பலின் சரக்கறையிலோ மெதுவாக வெளியேறும். மூடிய இடத்தில் சேர்ந்த அந்த ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

எண்ணெயைக் கரைத்து எடுப்பது எளிது. கொடுத்த ஹெக்சேனைத் திரும்ப வாங்குவதற்குத்தான் இத்தனை உருளைகளும் குழாய்களும். எல்லா ஆவியும் கண்டென்சருக்குப் போய்த் திரவமாகி, பிரிப்புத் தொட்டியில் தண்ணீர் கீழேயும் ஹெக்சேன் மேலேயும் நிற்கும். கண்டென்சரிலும் சிக்காமல் காற்றோடு போகும் கடைசி ஆவியைக் கனிம எண்ணெய் பொழியும் கோபுரத்தில் பிடித்து மீண்டும் பிரிக்கிறோம். வெளியேறும் தண்ணீரையும் 85 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் விட வேண்டும். நன்றாக நடக்கும் ஆலையில் ஒரு டன் விதைக்கு இழப்பு ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஓர் ஆலையின் ஒழுக்கத்தை அளக்க எனக்கு இந்த எண் போதும்.

சிறிய அளவில் செய்ய ஒரு கலம், ஒரு கண்டென்சர் வைத்து நாங்களே அமைக்கலாமா?

வேண்டாம். ஆய்வகத்தில் கண்ணாடி சாக்ஸ்லெட் கருவியில் நீங்கள் பார்த்திருக்கலாம். 1879-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் சாக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளக்க வடிவமைத்தது. சில கிராம் மாதிரிக்கு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள், பயிற்சி பெற்றவர் கையில் அது பாதுகாப்பானது. அதையே டிரம் அளவுக்குப் பெரிதாக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஹெக்சேன் ஆவி காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் கலவை. ஒரே ஒரு லிட்டர் சிந்தி ஆவியானால் சுமார் 16 கன மீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவரும். அது ஒரு சிறிய அறை. உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் அதன் ஆவி பற்றும், ஆகவே குளிர்ந்த நாள் என்ற பாதுகாப்பும் இல்லை. முந்தைய பதில்களில் சொன்ன வெற்றிடமும் ஸ்டிரிப்பரும் கோபுரமும் இல்லாமல் எடுக்கும் எண்ணெயில் ஹெக்சேன் நிச்சயம் மிஞ்சும். குறைந்த அளவுதான் விதை என்றால் நல்ல எக்ஸ்பெல்லர் வாங்குங்கள். மிஞ்சும் கேக்கைப் பெரிய ஆலைக்கு விற்றுவிடுங்கள்.

ஆலைக்கு அருகில் குடியிருக்கிறோம். சில நாட்கள் சாக்கடையிலிருந்து பெட்ரோல் வாடை வருகிறது. புகார் கொடுக்கலாமா?

புகார் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். வாடை வரும் அதே நேரத்தில், அந்த இடத்தை விட்டு நகர்ந்து போய்த் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள். சாக்கடை மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், பக்கத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஹெக்சேன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். மேலே பறந்து கலைவதற்குப் பதில் பள்ளத்தைத் தேடி ஓடும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்சேன் கழிவுநீர்க் குழாய்க்குள் போனது. மேலே சென்ற ஒரு காரின் பொறி பட்டு, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தெருக்கள் அடியிலிருந்து வெடித்துப் பிளந்தன. விடியும் முன் நடந்ததால் யாரும் சாகவில்லை. நீங்கள் சொல்லும் வாடை பிரிப்புத் தொட்டியில் மட்டம் தவறி ஹெக்சேன் தண்ணீரோடு போவதால் இருக்கலாம். ஆலைக்காரர்களுக்கும் அந்த நஷ்டம் கணக்கில் தெரிந்துவிடும். தெரிந்தும் பேசாமலிருந்தால் அது குற்றம்.

ஹெக்சேனுக்கு மாற்று வருமா?

வந்துகொண்டிருக்கிறது. தாவரக் கழிவிலிருந்து தயாரிக்கும் 2-மெத்தில்ஆக்சோலேன் என்ற கரைப்பானை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அனுமதித்தது. அது 80 டிகிரியில் கொதிக்கும், அதுவும் தீப்பற்றும். 74 பாருக்கு மேல் அழுத்திய கார்பன் டை ஆக்சைடு பற்றாது, விஷ எச்சமும் விடாது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலங்களில் விதையை இடைவிடாமல் ஓட்டுவது சிரமம் என்பதால் விலை உயர்ந்த சாறுகளுக்கே கட்டுப்படியாகிறது. எத்தனாலில் எண்ணெயோடு சர்க்கரைகளும் சேர்ந்து வந்துவிடும். நாளைக்கே ஹெக்சேன் போய்விடும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இருக்கும் ஆலைகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஐயா, என் மகனுக்குச் சால்வெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பப் பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்ப?

அம்மா, பயம் நியாயமானது. 1935 அக்டோபர் 7 அன்று சிகாகோவில் ஒரு சோயா ஆலை வெடித்து 11 பேர் இறந்தார்கள். இன்றைய ஆலைகளின் வேலியும் இடைவெளியும் பொறிபறக்காத மோட்டார்களும் அப்படிப்பட்ட சாவுகளிலிருந்து கற்றுக்கொண்டவை. விதிகளை மதிக்கும் ஆலையில் பணி ஓய்வு வரை நலமாக வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தம்பியிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்ட்ராக்டருக்குள் ஹெக்சேன் ஆவி மிக அடர்த்தி, வெடிக்கும் கலவையின் மேல் எல்லையான 7.5 சதவீதத்துக்கு வெகு மேலே. அதனால் அங்கே வெடிக்கப் போதிய காற்று இல்லை. ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அந்த ஆவி வெடிக்கும் எல்லையைக் கடந்துதான் போக வேண்டும். பெரிய ஆபத்து அந்த மணி நேரங்களிலும், பழுதுபார்க்கத் திறக்கும் நாளிலும்தான். அன்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நைட்ரஜனோ நீராவியோ கொண்டு ஆவியை வெளியேற்றி முடிக்காமல் கருவியைத் தொடக்கூடாது. உற்பத்தி நின்றுபோகிறது என்பதற்காக வாயு எச்சரிக்கை மணியின் சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டிய ஓர் ஆலையை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இடமாக இருந்தால் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வேறு வேலை கிடைக்கும்.

போன், லைட்டர், நைலான் சட்டை எதுவும் வேலிக்குள் போகக்கூடாது. கலத்துக்குள் இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவையும் ஆவி அளவையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும், மற்றவர் சொன்னது போதாது. வெளியே ஒருவர் நிற்காமல் இறங்கவே கூடாது.

இன்னொன்றை ஆலைகளே பலமுறை சொல்வதில்லை. வெடிக்கும் எல்லையை அளக்கும் மீட்டர் மூச்சுக்கான பாதுகாப்பைக் காட்டாது. 1.1 சதவீதம் என்ற அந்தக் கீழ் எல்லையில் நூறில் ஒரு பங்கு என்றாலே பத்து லட்சத்தில் 110 பங்கு ஹெக்சேன். எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 50 பங்கு. மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டும் இடத்தில் மாதக்கணக்கில் மூச்சு விட்டாலும் நரம்பு கெடலாம். ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாறி, நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. கால் விரல்களில் மரத்துப்போதல், பிறகு கைகள், பிறகு நடையில் தளர்ச்சி. அந்த இடத்தை விட்டு விலகிய பிறகும் சில மாதங்கள் அது கூடலாம், அப்புறம்தான் மெதுவாகத் தேறும். ஆகவே விரல்கள் மரப்பது போல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன கரைப்பானோடு எத்தனை மாதமாக வேலை என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சர்க்கரை நோயையும் வைட்டமின் குறைவையும் தேடிக்கொண்டிருப்பார், தம்பி மறுநாளும் அதே ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பான்.